அப்பாவின் பொட்டியும் பென்குயினும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி அதிகம் மக்களே. ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியலை.

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனப்ப அப்பா மெதுவா ஆரம்பிச்சார். "பரண்ல இருக்கே, அந்தப் பொட்டி ஓடுமாடா?"

அந்தப் பொட்டி, 2005-ல் அவர் ரிட்டையர்மெண்ட் காசுல வாங்கின லேப்டாப். பென்டியம் எம், 1 ஜிபி ராம், 40 ஜிபி டிஸ்க். அதுல அவரோட கிராமத்துக் கதையை நாப்பது பக்கம் டைப் பண்ணி வெச்சிருந்தார். 2014-ல் எக்ஸ்பிக்கு அப்டேட் நின்னதும், "இனிமே இது ஆபத்துப்பா"ன்னு பெரிய மேதாவி மாதிரி பரணேத்தினது அடியேன்தான். பதிலுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் குடுத்தேன். அதுல அவர் ஒரு வரி கூட எழுதலை. இப்ப அவருக்கு 79.

ஆன் பண்ணினா பாதியில நின்னுடுச்சு. சரி, லினக்ஸ்தான் கதின்னு களத்துல குதிச்சாச்சு.

முதல்ல 64 பிட் பென்டிரைவ். "இந்தக் கெர்னலுக்கு 64 பிட் சிபியு வேணும்"னு ஒரே வரியில துரத்திடுச்சு. என் தப்புதான், பென்டியம் எம் 32 பிட். நண்பன் கிட்ட இருந்த 32 பிட் லைவ் பென்டிரைவைப் போட்டா, சிபியுல பிஏஇ இல்லைன்னு அழுதுச்சு. இங்கேதான் வேடிக்கை. ஆரம்பகால பென்டியம் எம்-ல அந்த வசதி இருக்கும், ஆனா இருக்குன்னு வெளியே சொல்லிக்காது. நம்ம அப்பா மாதிரி :-) பூட் வரியோட கடைசியில ஃபோர்ஸ்பிஏஇ-ன்னு ஒரு வார்த்தை சேர்த்ததும் கிளம்பிடுச்சு.

டெஸ்க்டாப் வந்ததும் செஞ்ச முதல் வேலை, பழைய சி டிரைவ் மொத்தத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணினது. இதைச் செய்யாம யாரும் பார்ட்டிஷன்ல கை வைக்காதீங்க, ப்ளீஸ்.

அந்த லைவ் டெஸ்க்டாப் ஆமை வேகம். அதனால டெபியன் 12 எடுத்தேன். 2025 ஆகஸ்டுல வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது. பேஸ் சிஸ்டம் ஏறிடுச்சு, வைஃபை மட்டும் மூச்சு விடலை. டிமெசெஜ் பார்த்தா, பி43 டிரைவர் இருக்கு, ஃபர்ம்வேர் ஃபைல் இல்லை. டெபியன் 12-ல இருந்து இன்ஸ்டாலரோட நிறைய ஃபர்ம்வேர் கூடவே வருது. ஆனா இந்த சிப்போட ஃபர்ம்வேரை அடுத்தவங்க விநியோகிக்க லைசென்ஸ் இடம் தராது. அதனால ஒரு பேக்கேஜ் போட்டா, அதுவே நெட்ல இருந்து பழைய டிரைவரை இறக்கி, உள்ளே இருக்கிற ஃபர்ம்வேரை வெட்டி எடுத்துக்கும். நெட் வேணும்னா வைஃபை வேணும், வைஃபை வேணும்னா நெட் வேணும். கல்யாணமானா பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சா கல்யாணம் ஆகும் கதை!

ராத்திரி ஒரு மணிக்கு மண்டையில பல்பு எரிஞ்சது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிள்ல சொருகி டெதரிங் ஆன் பண்ணினேன். லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாவே எடுத்துக்கிச்சு. சோர்ஸ் லிஸ்டுல கான்ட்ரிப் பகுதியைச் சேர்த்து, பேக்கேஜை இறக்கி, ரீபூட். வைஃபை விளக்கு எரிஞ்சது. பழைய சிப், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அது போதும். கூடவே எல்எக்ஸ்டிஇ டெஸ்க்டாப்பும் ஏத்தியாச்சு.

காலையில அப்பா ஃபைலைத் திறந்தா, ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கு. அவர் முகம் சுருங்கிப் போச்சு. "போச்சாடா?"

போகலை. அது பாமினி எழுத்துரு. காப்பி பண்ணின சி டிரைவ்ல இருந்து எழுத்துருவை எடுத்துப் போட்டதும், நாப்பது பக்கமும் தமிழா எழுந்து நின்னுச்சு. கடைசி வாக்கியம் பாதியில நின்னிருந்தது: பாட்டி கிணத்தடிக்குப் போறா.

இன்னொரு கவலை பாக்கி. அப்பா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஃபொனெடிக் எல்லாம் அவர் விரலுக்கு ஆகாது. ஐபஸ்-ல எம்17என் பேக்கேஜ் போட்டா, தமிழ்99 பக்கத்துலயே டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கு! அதைத் தேர்ந்தெடுத்து, யூனிகோட்ல ஒரு புது ஃபைல் திறந்து வெச்சேன்.

விரலை வெச்சார். ரெண்டு மூணு தடவை தடுமாறினார். அப்புறம் கட கடன்னு சத்தம். பதினொரு வருஷமா அந்த வீட்டுல நான் கேட்காத சத்தம்.

"ஆபத்துன்னு சொன்னியே?"ன்னு திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

பதில் சொல்லலை. காபி போட எழுந்து போயிட்டேன். திரும்பி வந்து பார்த்தா, பாட்டி தண்ணி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.