அம்பர்நாத்: மடிந்த சுவர், நாறும் ஆறு

மாட்டுங்காவில் ஸ்லோ லோக்கல் ஏறினால் கல்யாண் தாண்டி விட்டல்வாடி, உல்ஹாஸ்நகர், அடுத்தது அம்பர்நாத். செம்பூர்க்காரர்கள் குர்லாவில் வண்டி மாற வேண்டும். மகாசிவராத்திரிக்குக் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் கோயிலைத் தேடி இறங்குவோர் குறைவு.

சிலாகார மன்னர் மும்முனி காலத்தில், 1060இல் எழுந்த சிவன் கோயில் இது. கருவறைக்குப் படி இறங்கிப் போக வேண்டும், அண்ணாந்தால் வானம். ஆனால் பார்க்க வேண்டியது வெளிச்சுவரைத்தான். அது நேராக ஓடுவதில்லை. மடிப்பு மடிப்பாக உள்ளே போய் வெளியே வருகிறது. அதே நிலம், ஆனால் சிற்பத்துக்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்ததுபோல் தோன்றுகிறது.

பக்கத்திலேயே வால்துனி ஆறு. ஆறு என்பது மரியாதைக்காக. நவம்பர் 2014இல் உல்ஹாஸ்நகரில் ராத்திரியோடு ராத்திரியாக டேங்கரில் வந்த ரசாயனக் கழிவை இதில் கொட்டினார்கள். நூற்றுக்கணக்கானோர் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கோடிக்கணக்கில் அபராதம் விதித்தது. கொட்டியவர்களுக்குச் சாதகம் நேரம்தான்: பாட்டிலில் நீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதற்குள் விஷம் கல்யாண் பக்கம் போய்விடும்.

கரையிலேயே சேதி சொல்லும் உணரிக்கான தேடல் இங்கேதான் அர்த்தம் பெறுகிறது. வளையும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட டிரான்சிஸ்டர். அதன் கேட் மின்முனையில் ஒரு நொதி. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பூச்சிமருந்து முடக்கும். நொதி முடங்கினால் மின்முனையில் நடக்கும் வேதிவினை குறையும். அந்தச் சிறு மாற்றத்தை டிரான்சிஸ்டர் பெருக்கிக் காட்டும். மின்பகுளிக் கரைசலில் இயங்கும் இத்தகைய டிரான்சிஸ்டரை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மார்க் ரைட்டன் குழு 1984இலேயே செய்து காட்டியது. மும்பையிலும் இந்த வித்தைக்கு ஆள் உண்டு: பவாய் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெடிமருந்தின் ஆவியைக் கண்டறியக் கரிம டிரான்சிஸ்டர்களைச் செய்திருக்கிறார்கள்.

சூட்சுமம் மின்முனையின் மேற்பரப்பில். வழுவழுப்பான தங்கத்தில் நொதி உட்கார இடம் குறைவு; வளைத்தால் தங்கப்படலம் வெடிக்கவும் செய்யும். அதனால் சுருக்கம் விழுந்த, நுண்துளைகள் நிறைந்த பரப்பை உண்டாக்குகிறார்கள். அம்பர்நாத் ஸ்தபதிக்கு இதை விளக்க வேண்டியிருக்காது. துளை பெரிதானால் அழுக்கும் கூடவே நுழையும். நானோ அளவுக்குச் சிறுத்தால் பெரிய புரதங்கள் வாசலிலேயே நின்றுவிட, சிறிய மூலக்கூறுகள் உள்ளே போகும்.

ஆனால் ஆய்வகத்துக் குவளை நீர் வேறு, வால்துனி வேறு. எண்ணெயும் சாயமும் சாக்கடையும் கலந்த நீரில் எந்தப் பரப்பும் சீக்கிரம் மந்தமாகிவிடும். பூச்சிமருந்துக்கான நொதி சாயத்தைக் கண்டுகொள்ளாது. எல்லா விஷத்துக்கும் ஒரே பட்டை போதாது. பூச்சிமருந்தில் வசமாகச் சிக்கிய நொதி லேசில் மீள்வதும் இல்லை. பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்த வேண்டும். பிளாஸ்டிக்கை நாடுவதற்கு, அது வளைவதைப் போலவே மலிவாக இருப்பதும் ஒரு காரணம்.