சிவந்தது வால்வ், குற்றவாளி வேற

வரக்காப்பொல பக்கத்து ரப்பர் தோட்டம். லயத்துல, தாத்தாவோட வால்வ் ரேடியோ ஒண்ணு பல வருசமா சும்மா கிடந்தது. ஒரு காலத்துல இலங்கை வானொலி கேட்க பக்கத்து காம்பராக்காரங்க எல்லாம் அதுக்கு முன்னால வந்து உக்காருவாங்களாம். மரப்பெட்டியைக் கரையான் தின்னுட்டது. உள்ளே இருந்த ட்ரான்ஸ்ஃபோமரும் வால்வுகளும் தப்பிச்சிருந்தன. அதை வச்சே நாங்க மூணு பேர் ஒரு சின்ன அம்ப் கட்டினோம்.

பாட்டு வந்தது. பத்து நிமிசத்துல கரகரன்னு ஆகி, ஈ.எல். 84 வால்வுக்குள்ள இருந்த தகடு மெல்ல சிவந்தது. உடனே அணைச்சோம். பழசுதானே, போயிருச்சுன்னு முடிவு கட்டினோம். கொழும்புக்கு பஸ் ஏறி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுல தேடி இன்னொண்ணு வாங்கினோம். மூணு பேர் கைக்காசும் காலி. புதுசும் சிவந்தது.

அப்பதான் மீட்டரை எடுத்தோம். முதல்லயே எடுத்திருக்கணும்.

வால்வுக்குள்ள கத்தோடு எலக்ட்ரானை விடும், அனோடு இழுக்கும். நடுவுல இருக்கிற கம்பிவலைதான் கிரிட். அது கத்தோடைவிட சில வோல்ட் கீழே இருந்தாத்தான் கரண்ட் அளவா ஓடும். அந்த வித்தியாசம்தான் பயஸ். இந்த வால்வுக்கு, 250 வோல்ட்ல, ஏறத்தாழ 7.3 வோல்ட் வேணும். கிரிட் 0 வோல்ட்ல நிக்கும். கத்தோடுக்குக் கீழ இருக்கிற 135 ஓம் ரெசிஸ்டர், தன்வழியா ஓடுற கரண்டாலேயே கத்தோடை 7.3க்கு உயர்த்தும்.

எங்களுக்கு கத்தோடுல 11 வோல்ட் காட்டியது. 135ஆல வகுத்தா 81 மில்லிஅம்பியர். ஓட வேண்டியது 54தான். கிரிட்டுல 0க்குப் பதிலா 6 வோல்ட். அப்போ பயஸ் வெறும் 5.

அந்த 6 எங்க இருந்து வந்தது? வால்வே கெட்டிருக்கலாம், இல்லாட்டி அதுக்கு முன்னால இருக்கிற கண்டென்சர் கசியலாம். வால்வைக் கழட்டிட்டு திரும்ப அளந்தோம். வோல்ட் அப்படியே இருந்தது. அப்போ கண்டென்சர்தான். ரேடியோவுல இருந்தே எடுத்த, மெழுகு பூசின காகித கண்டென்சர். அது பாட்டை மட்டும் விட்டு, முன் வால்வோட டீசியைத் தடுக்கணும். சூடேற சூடேற டீசியும் கசிஞ்சிருக்கு. 630 வோல்ட் பொலியெஸ்டர் ஒண்ணு போட்டோம். கிரிட் 0க்கு வந்தது.

அதுக்குப் பிறகு, பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்த தாத்தாவோட வால்வையே திரும்ப மாட்டினோம். கத்தோடுல 7.4. ஒரு மணித்தியாலம் பாட்டு ஓடியது, சிவக்கவே இல்ல. அதைக் குப்பையில எறியாம விட்டது சும்மா ஒரு அதிர்ஷ்டம்தான்.

நீங்களும் கட்டினா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அணைச்ச பிறகும் பெரிய கண்டென்சர்கள்ல ஆளைக் கொல்ற வோல்ட் நிக்கும். ரெசிஸ்டர் வழியா இறக்கி, மீட்டர்ல பாத்துட்டுத்தான் கை வைக்கணும். அப்புறம், சிவக்கிறதை மாத்துறதுக்கு முன்னால கிரிட்டை அளந்து பாருங்க.