பங்குக் கிணறும் பயனர் கணக்கும்

கொடிகாமம் உட்பட யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே, நிலத்தின் எல்லைகளோடு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காற் பாத்தியதையும் குறிக்கப்பெறுதல் மரபு. கிணறு ஒன்று, உரிமையாளர் பலர். இன்னார் நீர் இறைக்கலாம், இன்னார் வழிநடக்கலாம் என்ற வரையறை அயலாரிடைப் பிணக்கைத் தவிர்த்தது.

1969 இல் பெல் ஆய்வுகூடத்திலே தொடங்கப்பெற்ற யுனிக்ஸ் இயங்குதளமும் காலப்போக்கில் இவ்வொழுங்கையே வேண்டிநின்றது. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்தமையால், கணக்கும் குழுவும் குழுவிற்கேற்ற உரிமையும் கட்டளை வரியிலே வகுக்கப்பட்டன. அதனை ஒட்டி எழுந்த லினக்ஸில் ‘யூசர்ஆட்’ ஒருவரைச் சேர்க்கும்; ‘யூசர்மொட்’ அவர்தம் குழுவை மாற்றும்; ‘யூசர்டெல்’ நீக்கும்.

நீக்குதலிலேதான் இடர் உளது. கோப்பின் உரிமையாளரைக் கணினி பெயரால் அறிவதில்லை, எண்ணாலே அறியும். கணக்கு நீங்கிய பின்னும் பிறவிடங்களிற் கிடக்கும் கோப்புகள் அவ்வெண்ணைத் தாங்கி நிற்கும். அவ்வெண் புதியவர் ஒருவர்க்கு வழங்கப்படின், முன்னவர் எழுதியவை பின்னவர் உடைமையாகிவிடும். ஆதலின் முதலிற் கணக்கைப் பூட்டி, கோப்புகளைத் தேடி உரியவரிடம் ஒப்புவித்து, அதன்பின்னரே நீக்குதல் முறை.

புலம்பெயர்ந்தோர் பங்குகள் உறுதியில் உறங்கும் கொடிகாமத்து வளவுகளுக்கும் இம்முறை பொருந்தும். போனவர் பங்கு யாரைச் சேரும் என்பது தீருமுன் கிணற்றடியில் வேலி எழுப்புதல் தகாது.