கவளத்துக்குக் கட்டுப்பட்ட களிறு

ஊட்டிக்குப் போகிறவர்கள் பூங்காவையும் ஏரியையும் பார்த்துவிட்டு, வர்க்கியும் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் கையிலிருந்தால் தெப்பக்காட்டுக்கும் போய் வாருங்கள். கூடலூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 17 கிலோ மீட்டர். முதுமலைக் காட்டுக்குள், மாயாற்றங்கரையில் இருக்கிறது யானைகள் முகாம்.

நாங்கள் போனது சாயங்காலம், தீனி நேரம். கேழ்வரகுக் களி, வேகவைத்த கொள்ளு, சோறு, வெல்லம், உப்பு எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தன. வயசு, எடை, உடம்பு நிலை பார்த்து ஒவ்வொரு யானைக்கும் தனி அளவு. நம் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரருக்கு ஒன்று, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஒன்று என்று பார்த்துப் பார்த்துப் போடுவோமே, அதே மாதிரிதான்! பாகர் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து, யானையின் வாய்க்குள்ளேயே ஊட்டுகிறார்.

இந்தக் கலை நேற்று வந்ததல்ல. பாசறையில் வடமொழிக் கட்டளை சொல்லி யானைக்குக் கவளம் ஊட்டும் இளைஞர்கள் முல்லைப்பாட்டிலேயே வருகிறார்கள். பட்டினப்பாலையில், சிறையிலிருந்து தப்பிய கரிகாலனுக்கு உவமை, குழியின் கரையை இடித்து வெளியேறிய யானை. ஆக, குழி வெட்டி யானை பிடிக்க அன்றே தெரிந்திருக்கிறது! மைசூர்ப் பக்கம் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் ‘கெட்டா’ நடந்தது. காக்கனகோட்டையில் 1971-ல் நடந்ததுதான் கடைசி. மறு வருஷம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இப்போது ஆளைக் கொல்லும் யானை, ஊருக்குள் புகும் யானை என்றால்தான், உத்தரவு வாங்கிப் பிடிக்கிறார்கள்.

அப்படி 1998-ல் பிடிபட்டவன்தான் மூர்த்தி. இருபது பேருக்கு மேல் கொன்ற மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை. ‘யானை டாக்டர்’ கிருஷ்ணமூர்த்தி முன்னின்று பிடித்தார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். பின்னாளில் குழந்தைகள்கூடப் பக்கத்தில் போகும் அளவுக்குச் சாதுவாகி, 2024-ல் முகாமிலேயே கண்ணை மூடியது.

இந்த மாற்றம் சும்மா வரவில்லை. பெரிய மரக்கட்டைகளை அடுக்கிய ‘கரால்’ என்ற கூண்டில் அடைத்துத்தான் பழக்குகிறார்கள். கேட்கவே வயிற்றைப் பிசைந்தது. “பாவமில்லையா?” என்று ஒரு பாகரிடம் கேட்டேன்.

“பாவந்தான்மா. ஆனா வெளியே விட்டா ஜனம் சும்மா இருக்குமா? அடிச்சா அந்த நேரத்துக்குத்தான் கேக்கும். நம்ம கையால தின்னாத்தான் மனசுல நிக்கும்” என்றார்.

நமக்கு மகிழ்ச்சியான சேதியும் உண்டு. தாயை இழந்த குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய குறும்படம் 2023-ல் ஆஸ்கார் வாங்கியது. அதே வருஷம் தமிழக அரசு பெள்ளியை, பாகருக்கு உதவும் ‘காவடி’ வேலையில் அமர்த்தியது. அந்த வேலைக்கு வந்த முதல் பெண்மணி அவர்தான்!

முகாமுக்குப் போனால் தீனி நேரத்தை விசாரித்துக்கொண்டு போங்கள். பழம், பிஸ்கட் எதையும் நீட்டாதீர்கள். குழந்தைகளுக்கு அதன் பலத்தை மட்டும் காட்டினால் போதாது. நம்மால் காட்டை விட்டு வந்த ஜீவன் இது, கடைசிவரை சோறு போட வேண்டியது நம் கடன் என்பதையும் சொல்லுங்கள்.