எல்லாரும் மொஸில்லா

க்ரோம் பிரவுசர் உபயோகிக்கிறவரா நீங்கள்? அது தினம் நூறு தடவையாவது பொய் சொல்கிறது. ஒவ்வொரு வெப்சைட்டின் வாசலிலும் 'யாரப்பா நீ?' என்ற கேள்விக்கு அது தரும் பதில், சுருக்கமாக இப்படி: 'மொஸில்லா 5.0, ஆப்பிள் வெப்கிட், கே.எச்.டி.எம்.எல்., கெக்கோ மாதிரி, க்ரோம், சஃபாரி.' சொந்தப் பேர் இதில் ஒன்றுதான். மிச்சமெல்லாம் பெரிய மனுஷன் பேரைச் சொல்லிக் கல்யாணப் பந்தியில் உட்காருகிற வேலை.

வழக்கம் தொண்ணூறுகளில் தொடங்கியது. 1994-ல் வந்த நெட்ஸ்கேப்பின் செல்லப் பெயர் மொஸில்லா. மற்றவைகளுக்குத் தெரியாத சில வித்தைகள் அதற்குத் தெரியும். எனவே பல சைட்டுகள் 'மொஸில்லா' என்று சொன்னவர்களுக்கு மட்டும் நல்ல பக்கத்தைத் தந்தன. அடுத்த வருஷம் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 'நானும் மொஸில்லாதான்' என்று சொல்லி உள்ளே நுழைந்தது. 2003-ல் சஃபாரி, ஃபயர்பாக்ஸ் குடும்பத்து எஞ்சினான கெக்கோவைக் குறித்து 'கெக்கோ மாதிரி' என்றது. 2008-ல் க்ரோம், சஃபாரியின் பேரையும் சேர்த்துக்கொண்டது.

விதிமுறைகள் இல்லாமல் இல்லை. வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ, 1994-லேயே இதற்காக டபிள்யு3சி என்று ஒரு அமைப்பை ஆரம்பித்துவிட்டார். அது வெளியிடும் விதிகளுக்குப் பெயர் 'சிபாரிசு'. சிபாரிசை யார் மதிப்பார்கள்?

ஒரு உதாரணம். 'ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்' என்று விளம்பரம் பார்க்கிறீர்கள். சுவரைச் சேர்த்தா, சேர்க்காமலா? வெப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டாலும் இதே சந்தேகம்தான். அகலம் 100 புள்ளி என்றால், ஓரத்து இடைவெளியும் பார்டரும் அதற்கு வெளியே என்றது 1996-ல் வந்த விதி. உள்ளே என்றது எக்ஸ்ப்ளோரர் 5. விளைவு, ஒன்றில் பாந்தமாக இருக்கும் பக்கம் மற்றதில் சரிந்து, படத்தின் மேல் எழுத்து ஏறிக்கொள்ளும். பக்கம் எழுதுகிறவர்கள், ஒரு பிரவுசர் மட்டும் தப்பாகப் படிக்கும் என்று தெரிந்தே ஒரு வரியைக் கோணலாக எழுதி, அதற்கு மட்டும் வேறு அளவு சொல்வார்கள். இதற்கு 'ஹேக்' என்று கௌரவமான பெயர். நானும் சில வருஷம் இந்தப் பிழைப்புப் பிழைத்தவன்தான். பகலில் பக்கம் எழுதுவது, ராத்திரியில் அதை நாலு பிரவுசரில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது.

வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு இரண்டு அளவில் எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம் என்று விதியே இடம் கொடுத்தது. இன்றைக்குப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது, 'தப்பு' என்று நாங்கள் திட்டித் தீர்த்த அந்த எக்ஸ்ப்ளோரர் அளவைத்தான்!

எனவே எது சரி என்பதல்ல பிரச்னை. ஒருத்தரே ஜெயித்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001-ல். எதிரி யாருமில்லை. அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. இடையில் 2004-ல் ஃபயர்பாக்ஸ் வந்து தொந்தரவு கொடுத்திராவிட்டால் இன்னும் தூங்கியிருப்பார்கள். 'எக்ஸ்ப்ளோரரில் பார்க்கவும்' என்று போர்டு மாட்டிய சைட்டுகளை அந்தக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் பழைய கதை, 2022-ல் எக்ஸ்ப்ளோரருக்கே ஓய்வு கொடுத்தாயிற்றே என்பீர்கள். சென்ற வருஷம் எங்கள் அடுத்த வீட்டுப் பெண் ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினாள். நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். பழைய லேப்டாப், அதில் லினக்ஸ், ஃபயர்பாக்ஸ். 'உங்கள் பிரவுசர் ஏற்கத்தக்கதல்ல' என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறது சைட். சாயங்காலமே ஹெல்ப்லைனில் கேட்டிருக்கிறாள். "வேற பிரவுசர்ல ட்ரை பண்ணுங்கம்மா" என்று வைத்துவிட்டார்களாம். புதிதாக ஒன்றை இறக்க லேப்டாப்பில் இடமில்லை.

"ஒரு வருஷம் வேஸ்ட்டாயிடுமா அங்கிள்?"

ஃபயர்பாக்ஸின் உள்ளே ஒரு இடத்தில், அது தன் பேராகச் சொல்லும் வரியை மாற்ற முடியும். க்ரோம் சொல்கிற பொய்யை அப்படியே எழுதினேன். விண்ணப்பம் உடனே திறந்தது. கடைசி வரை ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. அந்த லேப்டாப்பால் முடியாதது எதுவும் அதில் இல்லை. பேர்தான் பிடிக்கவில்லை.

இன்று எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாமே கூகிளின் குரோமியம் எஞ்சினில்தான் ஓடுகின்றன. பரவலாக உபயோகத்தில் இருக்கும் மற்ற எஞ்சின்கள் சஃபாரியின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ, அவ்வளவுதான். 2022-லிருந்து இவர்கள் ஒன்றுசேர்ந்து 'இன்டராப்' என்ற பெயரில் ஒவ்வொரு வருஷமும் வித்தியாசங்களைப் பட்டியலிட்டுச் சரி செய்கிறார்கள் என்பது நல்ல சேதி.

பாக்கி நம் இளம் ப்ரோக்ராமர்கள் கையில். வாசலில் வருகிறவரிடம் 'நீ யார்?' என்று கேட்காதீர்கள். 'இந்த வேலை தெரியுமா?' என்று கேளுங்கள். அதைக் கேட்க நாலு வரி நிரல் போதும். தெரியாவிட்டால் எளிமையான பக்கத்தைக் கொடுங்கள்.

பேரைக் கேட்டால் எல்லாரும் மொஸில்லாதான்.