ஞாபகசக்தி சிரப் வாங்கலாமா?



பரீட்சை நெருங்கினால் எனக்குப் போன் அதிகம் வரும். "டீச்சர், பையன் ரெண்டாங்கிளாஸ். படிச்சது நிக்கவே மாட்டேங்குது. மூலிகை சிரப் ஒண்ணு சொல்றாங்க, வாங்கட்டுமா?" நாலைந்து பேர் இதையே கேட்டுவிட்டதால் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

வல்லாரையை நான் குறை சொல்ல மாட்டேன். கீரையாகத் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். சிரப்பும் மாத்திரையும் வேறு விஷயம். முதலில் பெயரிலேயே குழப்பம். பிராமி என்று வல்லாரையையும் சொல்கிறார்கள், நீர்ப்பிரம்மியையும் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு செடி. ஞாபகத்துக்கென்று அதிகம் ஆராயப்பட்டது நீர்ப்பிரம்மிதான். அதுவும் பெரும்பாலும் பெரியவர்களிடம், தினம் 300 மில்லிகிராம் அளவில், 12 வாரம் கொடுத்துப் பார்த்தது. சிலவற்றில் நினைவுகூர்வதில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. சின்னக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் குறைவு, சிறியவை. திங்கட்கிழமை பரீட்சைக்கு சனிக்கிழமை ஊற்றினால் வயிற்றுப்போக்கு வேண்டுமானால் வரும்!

எனக்குப் பயம் வேறு. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற, நம் தெற்காசிய நாடுகளில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுப்பது. புத்தி வளர என்று அதையா கொடுப்பது? எல்லாத் தயாரிப்பும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பாட்டிலைப் பார்த்தால் நமக்குத் தெரியாதே.

34 வருஷம் சின்ன வகுப்பு எடுத்தவள் நான். 'மக்கு' என்று பெயர் வாங்கிய பிள்ளைகளில் பலருக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான். ஒரு பெண் எப்போதும் கரும்பலகையைத் தப்பாகவே எழுதுவாள். கண்ணாடி போட்ட மாதமே திருந்திவிட்டது. சிலருக்குக் காதில் சீழ். சிலர் காலையில் வெறும் டீயோடு வருவார்கள், பத்தரை மணிக்கு மேசையில் தலை சாய்ந்துவிடும்.

இன்னொன்று ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் தமிழ்நாட்டிலேயே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு அது இருந்தது. அவர்கள்தான் ஒன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். இரும்புச்சத்து குறைந்தால் கவனம் நிற்காது. ஐந்திலிருந்து பதினொரு வயது வரை ஹீமோகுளோபின் 11.5-க்குக் குறையக் கூடாது. சிரப் காசில் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை, "வயிறு வலிக்குமாம்" என்று ஜன்னல் வழியே எறிய விடாதீர்கள். (எறிந்தவர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.) பிப்ரவரி, ஆகஸ்டில் தரும் குடற்புழு மாத்திரையும் அப்படியே. சாப்பாட்டோடு டீ வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது.

ஏற்கெனவே சிரப் கொடுப்பவர்கள், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள். வலிப்புக்கு மருந்து சாப்பிடும் குழந்தையென்றால் காத்திருக்க வேண்டாம், உடனே கேளுங்கள்.

வல்லாரைத் துவையல் பக்குவம் கேட்ட சம்பந்தியம்மாவுக்கு: உளுத்தம்பருப்பு, மிளகாய் வறுத்து, கீரையை நன்றாக வதக்கி, புளியும் தேங்காயும் கொஞ்சம் தாராளமாக வைத்து அரையுங்கள். கசப்பு தெரியாது. பேரன் தோசைக்குக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.