விரால் தேடிய மாலை

நான் பிறந்து வளர்ந்த ஊர் ஹுத்தான் மெலிந்தாங். பேராவையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆறு எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது. 2017ஆம் ஆண்டு முதல் எங்கள் ஊர் பாகான் டத்தோ மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றில் மீன்பிடிக்கப் படகு வேண்டும். எங்களிடம் படகு இல்லை. ஆகவே, செம்பனைத் தோட்டத்தின் கால்வாய்களே நான் மீன்பிடிக்கக் கற்ற பள்ளிக்கூடம். என் தாத்தாவே ஆசிரியர்.

“தூண்டில் போடுவது கடைசி வேலை ஐயா. மீன் எங்கே இருக்கிறது என்று அறிவதுதான் முதல் வேலை,” என்பார் தாத்தா.

கால்வாயில் நாங்கள் பெரிதும் தேடியது விரால் மீனை. மலாய்க்காரர்கள் அதனை ஹாருவான் என்பர். விரால் செவுளால் மட்டும் வாழ்வதில்லை. காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும். அதனால் நீர் குறைந்த, கலங்கிய கால்வாயிலும் அது உயிர் பிழைக்கும். ஆனால், அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். அப்போது எழும் ‘களக்’ என்ற ஓசையும் நீரில் விரியும் வளையமும் அதன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

மதகின் நிழல், ஆகாயத்தாமரையின் ஓரம், இரண்டு கால்வாய்கள் கூடும் முனை ஆகியவை விரால் பதுங்கும் இடங்கள். வெயில் தணிந்த காலையிலும் மாலையிலும் அது இரை தேடும். கரையில் நடக்கும்போது நிலம் அதிரக் கூடாது. நம் நிழல் நீரில் விழக் கூடாது. தூண்டிலில் சிறு தவளையைக் கோத்து, மீன் இருக்கும் இடத்துக்கு அப்பால் போட்டு, மெல்ல இழுத்து வர வேண்டும். கவ்வியதும் வெடுக்கென்று இழுக்காமல், இரையை வாய்க்குள் வாங்கும்வரை பொறுக்க வேண்டும்.

ஒருமுறை அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. புண் விரைவில் ஆற விரால் சூப் கொடுப்பது நம் நாட்டில் பல இனத்தாரிடமும் உள்ள வழக்கம். அன்று மாலை தாத்தாவும் நானும் புறப்பட்டோம். நெடுநேரம் ஒன்றும் அகப்படவில்லை. திடீரென்று, நீரின் மேல் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளுவதைக் கண்டேன். அவற்றின் கீழே கருத்த விரால் ஒன்று காவலாக நின்றது.

தாத்தா தூண்டிலைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

“போட்டால் உடனே கவ்வும். பசிக்காக அல்ல, பிள்ளைகளைக் காப்பதற்காக. இதைப் பிடித்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்,” என்றார்.

“அம்மாவுக்கு வேண்டுமே, தாத்தா?”

“வேண்டும்தான். இன்னும் இரண்டு கால்வாய் இருக்கிறது, நடப்போம்.”

நடந்தோம். இருட்டுவதற்குச் சற்று முன்பு, கடைசி மதகடியில் நடுத்தர அளவு விரால் ஒன்று கிடைத்தது. அன்றிரவு அம்மா சூப் குடித்தார். தாத்தா கால்களுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

சில வாரங்களில் அந்தக் குஞ்சுகள் செந்நிறம் மாறிக் கால்வாயெங்கும் பிரிந்து போயின. மீன் இருக்கும் இடத்தை அறிவது திறமை. பிடிக்கக்கூடிய மீனையும் விட்டு விலக வேண்டிய நேரத்தை அறிவதோ அதனினும் பெரிது. அடுத்த ஆண்டும் எங்கள் கால்வாயில் ‘களக்’ என்ற ஓசை கேட்டது.